பட்டத்தின் விலை

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகிச் சில நாட்கள் சென்ற ஒரு மாலைப் பொழுதில், பேசாலைக் கரையைச் சேர்ந்த கடற்றொழிலாளி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவர் கையில் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் இருந்தது. அவருடைய மகள் பென்சிலாற் கோடிட்டிருந்த ஒரு பாடநெறியைச் சுட்டிக் காட்டி அவர் கேட்டார்:

"சேர், பிள்ளை ஊடகம் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். நாலு வருசம் படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

நாம் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றோம். பத்தாண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கிறோம். ஆயினும் அந்த எளிய கேள்விக்கு நேரான விடை கூற நமக்கு வாய் எழவில்லை. "நல்ல படிப்புத்தான், பார்ப்போம்" என்று மழுப்பி அனுப்பிவிட்டோம். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு சென்றதைப் பார்த்தபோது, ஆசிரியர் என்ற பெயருக்கு நாம் உரியவர்தாமா என்ற ஐயம் எழுந்தது. அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று இங்கே எழுதுகிறோம்.

ஊடகப் பட்டம் பற்றி நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று ஏளனக் குரல். "கைத்தொலைபேசி வைத்திருப்பவன் எல்லாம் இன்று ஊடகக்காரன், இதற்கொரு பட்டமா?" என்று அது நகைக்கிறது. மற்றது விற்பனைக் குரல். வழவழப்பான தாளில், ஒலிவாங்கி ஏந்திய அழகிய முகங்களை அச்சிட்டு, "உங்கள் எதிர்காலம் இங்கே தொடங்குகிறது" என்று அது அழைக்கிறது. ஏளனம் செய்பவருக்கு ஏழைப் பிள்ளையின் ஆசையைப் பற்றிக் கவலை இல்லை. விற்பவருக்கு ஏழைத் தந்தையின் பணத்தைத் தவிர வேறொன்றிலும் அக்கறை இல்லை. இவ்விரு சாராரோடும் நமக்கு உடன்பாடு கிடையாது. ஆகவே செலவையும் வரவையும் நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலிற் செலவு. "எங்கள் நாட்டிற் கல்வி இலவசம்" என்று பெருமை பேசுவோர் உளர். அப்பெருமை பொய்யன்று. 1945 இல் கன்னங்கரா போராடி நிலைநாட்டிய இலவசக் கல்வி இல்லாதிருப்பின், நம்மிற் பலர் இன்று வெண்கட்டியை ஏந்தியிருக்க மாட்டோம்; கரைவலைக் கயிற்றையே இழுத்துக்கொண்டிருப்போம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இளமாணிப் பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. ஆனால் கட்டணம் இல்லாமை வேறு, செலவு இல்லாமை வேறு.

மன்னார் மாவட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகம் இல்லை. பக்கத்து வவுனியாவில் இருந்த வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அது பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழினுட்பம் ஆகிய துறைகளுக்கு உரியது. தமிழில் ஊடகம் பயில விழையும் பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கோ செல்ல வேண்டும். 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பூநகரி வழியே யாழ்ப்பாணம் நமக்குக் கிட்டியதாயிற்று. எனினும் அது நாள்தோறும் சென்று மீளும் தூரமன்று. வாடகை அறை வேண்டும், உணவு வேண்டும், மடிக்கணினி வேண்டும், தரமான படப்பிடிப்புக் கருவி வேண்டும், இணையத்துக்குப் பணம் வேண்டும். பிற கலைப் பாடங்களை நூலகத்திலிருந்து படித்துத் தேறலாம். ஊடகம் கருவியின்றிப் பயில இயலாத படிப்பு.

2022 இல் நடந்ததை நினைவுகூர்வோம். அவ்வாண்டு சில வாரங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. இறக்குமதியாகும் கணினியும் கமராவும் அதனோடு சேர்ந்து ஏறின. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. நம் கரையின் சிறு படகுகள் அந்த மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. தந்தையின் எண்ணெய்ச் செலவு நான்கு மடங்காகிய அதே ஆண்டில் பிள்ளையின் படிப்புக் கருவியும் எட்டாக் கனியாயிற்று. அந்நாட்களில் ஈடு வைத்த நகைகள் பல இன்னும் மீளவில்லை.

"மகாபொல இருக்கிறதே" என்பர். 1981 இல் தொடங்கப்பட்ட அப்புலமைப்பரிசில், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அப்போது அது நாளுக்கு 250 ரூபாவாயிற்று. அதைக்கொண்டு மூன்று வேளை உண்டு, அறை வாடகை கொடுத்து, ஆவணப்படமும் எடுத்து முடிக்கும் வித்தையை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிப்பதில்லை. மேலும், நான்கு ஆண்டு என்பது கைந்நூலில் உள்ள கணக்கு. 2020 இன் பெருந்தொற்று, 2022 இன் நெருக்கடி, இடையிடையே வேலைநிறுத்தங்கள் எனப் பலருக்கு அது ஐந்தாறு ஆண்டுகளாக நீண்டது. அத்தனை ஆண்டும் அண்ணன் ஒருவன் கடலில் இரட்டிப்பு உழைப்பு உழைக்கிறான். தங்கை ஒருத்தியின் படிப்பு பின்தள்ளப்படுகிறது. இவை எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத செலவுகள்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவருக்குத் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றிற் பட்டம் பயில 2017 முதல் அரசு வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. கட்டணத்துக்கென 8 இலட்சம் ரூபா வரை கடனாகப் பெறும் ஏற்பாட்டுடன் அது தொடங்கிற்று. வட்டி இல்லாத கடனும் கடனே. சலுகைக் காலம் முடிந்ததும் தவணை வாசலில் வந்து நிற்கும். வேலை வந்ததா என்று அது கேட்பதில்லை. அரசு தான் கட்ட வேண்டிய பல்கலைக்கழகத்தைக் கட்டாமல், அதற்கான பொறுப்பைப் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கழுத்திற் கடனாகக் கட்டிவிடுகிறது. இதற்குச் சலுகை என்று பெயர்!

இனி வரவு. நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் ஊடகத் துறையில் நல்ல வகுப்பிற் சித்தியடைந்து ஊர் திரும்பினான். பத்திரிகை ஒன்றின் பிராந்திய நிருபரானான். நியமனக் கடிதம் இல்லை, மாதச் சம்பளம் இல்லை. வெளியான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்ற துண்டுக் கணக்கு. முருங்கனுக்கும் சிலாவத்துறைக்கும் மடுவுக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடி அவன் திரட்டிய செய்திகளுக்குக் கிடைத்த பணம் பெற்றோலுக்கே போதவில்லை. "சேர், அடையாள அட்டைதான் என்ர சம்பளம்" என்று அவன் ஒருநாட் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நாம் மறக்கவில்லை.

பின்னர் 2020 இல் அரசு ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தது. மாதப் படி 20,000 ரூபா. அவனும் சேர்ந்தான், அபிவிருத்தி உத்தியோகத்தன் ஆனான். இன்று ஓர் அலுவலகத்தில், மூவருக்கு ஒரு மேசை என்ற நிலையில் அமர்ந்து, நிவாரணப் பெயர்ப் பட்டியல்களைப் படியெடுக்கிறான். செய்தியை ஆராயவும் தொகுக்கவும் பயின்ற மூளைக்கு நாடு கொடுத்த வேலை இதுவே. அவனைக் குறை கூறோம். 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகங்களின் முன்னே வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை அவன் கண்ணாற் கண்டவன். ஒரு மேசையின் மூன்றிலொரு பங்கும் அவனுக்குப் பெரிதாகத் தோன்றியதில் வியப்பென்ன?

இந்த நோய் புதியதன்று, ஊடகத்துக்கு மட்டும் உரியதுமன்று. 1971 இல், ஏப்ரற் கிளர்ச்சி நாட்டை உலுக்கிய அதே ஆண்டில், சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் சார்பில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான குழு இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. படித்தவர் எதிர்பார்க்கும் தொழிலுக்கும் நாட்டில் உள்ள தொழிலுக்கும் இடையிலிருந்த பிளவை அது எடுத்துரைத்தது. 1976 இல் ஆங்கிலேய அறிஞர் ரொனால்ட் டோர் இந்நிலைக்குப் பட்டச்சான்று நோய் என்று பெயரிட்டு ஒரு நூலே எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வேலைகள் சில, விண்ணப்பதாரர் பலர் என்றாகும்போது, வேலை கொடுப்பவர் அதே வேலைக்கு மேலும் உயர்ந்த சான்றிதழைக் கேட்கத் தொடங்குகிறார். படிப்பு அறிவுக்கு என்பது போய், வரிசையில் முன்னே நிற்பதற்கான சீட்டாகிவிடுகிறது. அரை நூற்றாண்டு கழிந்தும் வரிசை குறையவில்லை. சீட்டின் விலை மட்டும் ஏறியிருக்கிறது.

இந்த உண்மையைக் காட்டிச் சிலர் ஒரு தவறான முடிவுக்கு வருகின்றனர். "கலைப் பட்டங்கள் வீண், பிள்ளைகள் விஞ்ஞானமும் தொழினுட்பமும் படிக்கட்டும்" என்று கொழும்பிலிருந்து அவர்கள் உபதேசிக்கின்றனர். அவர்களை நாம் கேட்கிறோம்: எங்கே படிப்பது? இந்நாட்டின் பாடசாலைகளை 1ஏபி என்றும் 1சி என்றும் வகுத்திருக்கிறீர்கள். முன்னையதில் விஞ்ஞானப் பிரிவு உண்டு. பின்னையதிற் கலையும் வர்த்தகமுமே உண்டு. முசலியின் உள்ளூரில் உள்ள பிள்ளை கலைப் பிரிவைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வது பொய். அந்தப் பிள்ளையின் முன்னே ஒரு கதவுதான் திறந்திருந்தது. ஒரே கதவை வைத்துவிட்டு, அதன் வழியே ஏன் வந்தாய் என்று கேட்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் கேட்கிறோம். ஊடகம் பயின்றவர் இந்த மண்ணுக்குத் தேவை இல்லையா?

மன்னாரைப் பாருங்கள். 2020 டிசம்பரில் இத்தீவின் தென்கரையிலே தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அதன்பின் அதானிக் குழுமம் வந்தது. 2025 பெப்ரவரியில் விலகிச் சென்றது. ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று கனிய மணலைத் தேடித் தீவின் நிலத்தைத் துளையிட்டுப் பார்த்தது. 2025 ஆகஸ்டில் மீனவரும் பெண்களும் மாணவரும் மதகுருமாரும் காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இறங்கினர். இத்தகைய பெருந்திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வெளியாகிறது. பொதுமக்கள் கருத்துக் கூற 30 வேலை நாட்கள் தரப்படுகின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்களும் கலைச்சொற்களும் நிறைந்த அவ்வறிக்கையைப் படித்து, "உன் கிணற்று நீருக்கு இது நேரும், உன் பாட்டுக்கு இது நேரும்" என்று தாழ்வுபாட்டு மீனவருக்கும் எருக்கலம்பிட்டித் தாய்க்கும் எளிய தமிழிற் சொல்ல யார் இருக்கிறார்? வீதியில் இறங்கிய மக்களிடம் உணர்ச்சி இருந்தது, நியாயம் இருந்தது. பக்க எண் சுட்டி வாதிடும் பயிற்சி பெற்ற எழுத்தாளர் எத்தனை பேர் அவர்களோடு நின்றனர்?

2017 இல் அடிமடி இழுவை முறை இந்நாட்டிற் சட்டத்தாற் தடை செய்யப்பட்டது. ஆயினும் எல்லை கடந்து வரும் இழுவைப் படகுகள் நம் வலைகளை அறுப்பது நிற்கவில்லை. அக்கரையில் உள்ளவரும் தமிழர், கூலிக்கு வலை இழுப்பவர். முதலாளியின் இலாபத்தையும் தொழிலாளியின் பசியையும் பிரித்துக் காட்டி, இரு கரை மக்களும் படிக்கும்படி எழுதுவதற்குப் பயிற்சி வேண்டாமா?

2018 இல் மன்னார் நகரிலே கட்டட வேலைக்குத் தோண்டிய நிலத்திலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2019 இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று காபன் காலக் கணிப்பில் அவற்றின் மாதிரிகள் 1404 இற்கும் 1635 இற்கும் இடைப்பட்டவை என்று தெரிவித்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த தாய்மார் அம்முடிவைக் கேட்டு விக்கித்து நின்றனர். அக்கணிப்பு என்பது யாது, எத்தனை மாதிரிகளைக் கொண்டு அது செய்யப்பட்டது, அது எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று அத்தாய்மாருக்குப் பொறுமையாக எடுத்துரைத்த எழுத்து மிகக் குறைவு. கூச்சல் மிகுதியாக இருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் மீளக் குடியேறும்போதும் இதுவே நேர்ந்தது. காணி பற்றிய ஒரு வதந்தி ஊரைச் சுற்றி வந்த பின்னரே உண்மை புறப்பட்டது. சில வேளைகளில் அது புறப்படவேயில்லை.

ஆக, தேவை மலைபோல் இருக்கிறது. பயின்றவரும் இருக்கின்றனர். இரண்டையும் இணைக்கும் பதவி மட்டும் இல்லை. ஊடகப் பட்டத்துக்குப் பயனில்லை என்பவர் இந்த இடத்திலேயே இடறுகின்றனர். அதன் பயன் மக்களுக்கு உரியது. ஆனால் சம்பளம் கொடுக்கும் அதிகாரம் அப்பயனை விரும்பாதவரிடம் இருக்கிறது. விளம்பரத்தால் வாழும் முதலாளிக்குச் சிலாவத்துறைச் செய்தி இலாபம் தராது. கேள்வி கேட்கத் தெரிந்த உத்தியோகத்தன் அரசுக்குத் தொல்லை. ஆதலால் ஒருவர் துண்டுக் கணக்கிற் கூலி கொடுக்கிறார். மற்றவர் பட்டியல் எழுத வைக்கிறார்.

"பட்டமா பத்திரிகையாளனை ஆக்குகிறது?" என்று நண்பர் சிலர் கேட்பர். கேள்வி சரியானதே. 1966 இல் மல்லிகையைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்திய டொமினிக் ஜீவா சிகை அலங்கரிக்கும் தொழிலிலிருந்து வந்தவர். 2000 இல் நிமலராஜனும், 2004 இல் நடேசனும், 2005 இற் சிவராமும் கொல்லப்பட்டது எழுதிய எழுத்துக்காக. பெற்ற சான்றிதழுக்காக அன்று. துணிவைப் பல்கலைக்கழகம் கற்பிக்காது, நாமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் காண வேண்டும். தினகரனின் ஆசிரியராக இருந்த கைலாசபதி பல்கலைக்கழகத்திற் தமிழ் கற்றவர்; அவருடைய புலமை பத்திரிகைக்கு ஊறு செய்யவில்லை, வளமே செய்தது. அன்றைய அநீதி கண்ணுக்கு நேரே வந்தது. இன்றைய அநீதி ஒப்பந்தத்திலும் வரைபடத்திலும் அளவைக் கணக்கிலும் ஒளிந்து வருகிறது. அதைத் துணிவு மட்டும் கொண்டு வாசிக்க முடியாது. ஏழையின் பிள்ளை அந்த வாசிப்பைக் கற்கக் கூடாது என்பவர், தெரிந்தோ தெரியாமலோ, பணக்காரரின் பக்கம் நிற்கிறார்.

எனவே நாம் கோருவன இவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் நிறைவேறி, 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பகிரங்க அதிகார சபையும் தகவல் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் விதி. அப்பொறுப்பை, வேறு பணிகளில் மூழ்கியிருக்கும் ஓர் உத்தியோகத்தரின் தலையில் மேற்சுமையாக வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பிரதேச செயலகங்களிலும் பிரதேச சபைகளிலும் அதைத் தனிப் பதவியாக்கி, ஊடகம் பயின்ற பட்டதாரிகளுக்குத் தர வேண்டும். புதிய சட்டம் தேவையில்லை; இருக்கும் சட்டத்தை உண்மையாக நடத்தினாற் போதும்.

பத்திரிகை நிறுவனங்கள் பிராந்திய நிருபருக்கு நியமனக் கடிதமும், மாத ஊதியமும், விபத்துக் காப்புறுதியும் வழங்க வேண்டும். தொழிலாளர் உரிமை பற்றித் தலையங்கம் எழுதும் இதழ்கள், தம் நிருபரும் தொழிலாளி என்பதை ஒப்புக்கொள்ளட்டும். பல்கலைக்கழகங்கள் கமராவைப் பிடிக்கக் கற்பிப்பதோடு நில்லாமல், சட்டம், பொருளாதாரம், சூழலியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் ஆழமாகக் கற்பிக்க வேண்டும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் எழுதவும் பேசவும் பயிற்ற வேண்டும். பொருள் அறியாதவனுக்கு எத்தனை கருவி இருந்தும் சொல்ல எதுவும் இராது.

நம் பங்குக் குற்றத்தையும் மறைக்க மாட்டோம். உயர்தர வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்யும் நாளில், "தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடு, அது இலகு, 'ஏ' எடுக்கலாம்" என்று ஆசிரிய அறையிலிருந்து சொன்ன வாய் நம்முடையதே. பாடசாலையின் பெறுபேற்று வீதம் உயர்ந்தால் நமக்கு மாலை. அந்த 'ஏ' பின்னர் எந்த வரிசையிற் கொண்டுபோய் நிறுத்தும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பிள்ளையின் எதிர்காலத்தைப் பாடசாலையின் புள்ளிக் கணக்குக்குப் பலியிடுவோருக்கு, தனியார் கல்வி வியாபாரியைக் கண்டிக்கும் தகுதி எங்கிருந்து வரும்?

பேசாலைத் தந்தையை மறுபடி சந்தித்தால் இப்படிச் சொல்வோம்: "அண்ணை, பிள்ளை ஆசையோடு கேட்கிறாள் என்றாற் படிக்கட்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், படகின் இயந்திரத்தை விற்றோ, இலட்சக்கணக்கிற் கடன்பட்டோ இந்தப் பட்டத்தை வாங்க வேண்டாம். அந்த விலைக்கு ஏற்ற கூலியை இன்று எவரும் கொடுப்பதில்லை. போனால், சிங்களமும் ஆங்கிலமும் கையோடு கற்கச் சொல்லுங்கள். கடலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அது எந்த விரிவுரையிலும் கிடையாது. முடித்ததும் வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொய்."

இவ்வளவும் அவருக்கு. மாணவரும் ஆசிரியருமாகிய உங்களுக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. அந்தப் பெண் படித்து முடித்து, சான்றிதழும் கையுமாக ஊர் திரும்பும் நாளில், மன்னாரின் அலுவலகங்களில் அவளுக்கென ஒரு நாற்காலி இருக்குமா? அதை அவளொருத்தியாற் செய்துவிட முடியாது. நம் சங்கங்களின் தீர்மானங்களிலும் தேர்தல் மேடைகளில் நாம் எழுப்பும் கேள்விகளிலும் இக்கோரிக்கைகள் இன்றே இடம்பெற வேண்டும். அவள் திரும்பி வர இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் நாம் செய்ய வேண்டிய வேலை இது.